சனிக்கிழமை நின்ற செக்கு

அருணாசலத்தை வலம் வருவோர் மலையின் மேற்கு முகத்தைத் தரிசிக்கும் இடத்தில், ஆதி அருணாசலேசுவரர் திருக்கோயிலைச் சார்ந்து அமைந்திருக்கும் சிற்றூர் எங்கள் அடி அண்ணாமலை. சென்ற மார்கழியில் ஒரு நாள், இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி என் பேத்தி வாசலில் இட்டிருந்த கோலத்தைக் கண்டு, கிரிவலம் சென்றுகொண்டிருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர் நின்று, தம் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய பதக்கத்தை எடுத்துக் காட்டிப் புன்னகை புரிந்தார். அதிலும் அதே ஆறுமுனை நட்சத்திரம் இருந்தது. அவர் யூத மதத்தைச் சேர்ந்தவர் என்று நான் சொன்ன மாத்திரத்தில், "யூதர் என்றால் யார் தாத்தா? அவர்களுக்கு எந்தச் சாமி?" என்று குழந்தை கேட்டுவிட்டாள்.

உருவமில்லாத ஒரே கடவுளைத் தொழுகிறவர்கள் என்றேன். அயனும் மாலும் அடியும் முடியும் தேடிக் காணாத ஜோதியின் கதையைக் கேட்டு வளர்ந்த இவ்வூர்க் குழந்தைக்கு, உருவத்துள் அடங்காத பரம்பொருள் என்பது புதுமையாகத் தோன்றவில்லை. ஆயினும் நாம் அந்த ஜோதியையே மலையாகவும் லிங்கமாகவும் கண்டு கற்பூரம் காட்டுகிறோம்; அவர்களோ எவ்வித விக்கிரகமும் கூடாது என்பதை விரதமாகக் காப்பவர்கள். இந்த வேறுபாட்டை மறைத்து எல்லாம் ஒன்றே என்று சொல்லிவிடுவது எளிது. அது குழந்தைக்கும் நியாயமன்று, அவர்களுடைய சமயத்துக்கும் நியாயமன்று.

குழந்தைகளுக்குச் சமயத்தைச் சொல்லிக் கொடுப்பதில் யூதர்களைப் போல் சிரத்தை கொண்ட சமூகத்தை நான் அறியேன். எகிப்து தேசத்தில் அடிமைப்பட்டிருந்த தம் முன்னோர் விடுதலை பெற்றுப் புறப்பட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் முதல் இரவில், வீட்டிலுள்ள மிகச் சிறிய குழந்தை எழுந்து, மற்ற இரவுகளுக்கு இல்லாத விசேஷம் இந்த இரவுக்கு ஏன் என்று கேட்க வேண்டும் என்பதே அவர்கள் விதி. மாவு புளிக்கும் வரை காத்திருக்க அவகாசமின்றிப் புறப்பட்டார்கள் ஆதலால் புளியாத ரொட்டி. அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை. சிந்திய கண்ணீருக்கு உப்புநீர். செங்கல் அடுக்கிய சாந்துக்கு அடையாளமாகப் பழங்களை அரைத்த இனிய விழுது என்று, பார்ப்பதையும் சுவைப்பதையும் கொண்டே பெரியவர்கள் சரித்திரத்தை எடுத்துரைப்பார்கள். அன்று ஓதும் நூல் நான்கு விதப் பிள்ளைகளைக் கூறி, கேட்கவே தெரியாத பிள்ளைக்குத் தகப்பன் தானாகவே தொடங்கிச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த நான்காம் பிள்ளையை மறவாத கருணையை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சம் நெகிழ்கிறது.

நூல் கைவிட்டுப் போன இடத்தில் இந்த வீட்டுக் கல்வி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதற்குக் கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் மக்களே சாட்சி. கப்பல் உடைந்து கரையேறிய ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் தங்கள் மூதாதையர் என்பது அவர்களுடைய ஐதிகம். தலைமுறைகள் செல்லச் செல்ல எபிரேய மொழி மறந்து மராத்தி பேசலானார்கள். எண்ணெய்ச் செக்கு ஆட்டுவது அவர்கள் தொழில். ஆனால் இறைவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தான் என்னும் நம்பிக்கையால் சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள். ஆகையால் அண்டையயலார் அவர்களுக்குச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமைச் செக்கார், என்றே பெயரிட்டனர். பிற்காலத்தில் தாவீது ரஹபி என்னும் யூதர் அவர்களிடம் வந்து, பிடித்த மீன்களை ஆக்கும்படி கொடுத்தபோது, செதிளும் துடுப்பும் இல்லாத மீன்களை அப்பெண்கள் ஒதுக்கி வைத்தனர் என்றும், அதைக் கொண்டே தம்மவர் என்று தெளிந்து, மூன்று குடும்பத்து இளைஞர்களுக்கு அவர் வேதம் கற்பித்தார் என்றும் சொல்லப்படுகிறது. அடுக்களையில் தாயிடம் மகள் கற்றதே அங்கே வேதமாக நின்றது. எலியா தீர்க்கதரிசியை நினைந்து அவர்கள் படைக்கும் மலிதா, அவலும் தேங்காயும் சர்க்கரையும் கலந்தது என்று சொன்னபோது, "நம்ம வீட்டு அவல் மாதிரியா!" என்று என் பேத்தி குதித்தாள்.

தமிழுக்கு இன்னும் அணுக்கமான சான்று கொச்சியில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 1000-இல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு 72 உரிமைகளை வழங்கி அளித்த செப்பேடு வட்டெழுத்தில், அக்காலத் தமிழை ஒட்டிய மொழியில் பொறிக்கப்பட்டது. பகல் விளக்கு, குடை, தோரணம், பாவாடை என்று அந்த உரிமைகளைச் சொல்லி வந்தபோது குழந்தை சிரித்துவிட்டாள். அது உடுத்தும் பாவாடை அன்று, பெரியோர் நடந்துவர வழியில் விரிக்கும் நடைபாவாடை என்று விளக்க வேண்டியதாயிற்று. அந்த மரியாதைகள் ரப்பானுக்கு மாத்திரமன்றி அவன் மகனுக்கும் மகளுக்கும் மருமகனுக்கும் உரியவை என்று ஏடு கூறுகிறது. அச்சமூகத்துப் பெண்கள் வேத சரித்திரங்களை மலையாளப் பாட்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதி வைத்துப் பாடி வந்தனர். 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது அந்தக் குறிப்பேடுகளும் உடன் சென்றன.

சென்னையிலும் யூதர்களின் சுவடு உண்டு. மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொணர்ந்து கோல்கொண்டா வைரத்தைக் கொண்டு சென்ற யூத வணிகர்கள் 1688-இல் அமைந்த நகரசபையிலும் இடம் பெற்றிருந்தனர். ஜார்ஜ் டவுனில் பவளக்காரத் தெரு இன்றும் இருக்கிறது. எங்கள் மலையடிவாரத்துக்கே, ஈராக் நாட்டு யூதக் குடும்பத்தில் பிறந்த எஸ்.எஸ். கோஹன் 1936-இல் வந்து, ரமணாசிரமத்தை அடுத்த பலாக்கொத்தில் மண்குடிசை கட்டிக்கொண்டு வாழ்ந்தார்.

கொச்சிக்குச் செல்லும் பெற்றோர், மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய யூதத் தொழுகைக் கூடத்துக்குக் குழந்தைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தரையில் பதித்த நீலச் சீன ஓடுகளை அவர்கள் ஆசைதீரப் பார்க்கட்டும். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று கதவு சாத்தியிருக்கும். ஏன் என்று குழந்தை கேட்டால், செக்கார் கதையைச் சொல்லுங்கள்.