லாங்லியின் விமானமும் வரலாற்றுச் சான்றும்

பழைய ஏடொன்றைப் பதிப்பிக்கும் அறிஞர், அதன்கண் பிற்காலத்தார் புகுத்திய இடைச்செருகல்களை வேறுபிரித்தறிந்த பின்னரே அதனை ஆசிரியர் காலத்துக்குச் சான்றாகக் கொள்வர். இவ்விதி ஏடுகளுக்கு மட்டுமன்றிப் பொறிகளுக்கும் பொருந்துவதேயாம். 1914ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த விமானச் சோதனையொன்றின் வரலாறு இவ்வுண்மையை நன்கு புலப்படுத்துகின்றது.

ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராய் விளங்கிய சாமுவேல் லாங்லி சிறந்த வானியலறிஞர். அவர் ஆக்கிய ஆளில்லா நீராவி விமானம் 1896இல் பொற்றோமக் ஆற்றின்மேல் அரை மைலுக்கு அதிகமாகப் பறந்தது. அதுகண்ட அமெரிக்கப் போர்த் திணைக்களம், ஆளேறிச் செல்லத்தக்க விமானமொன்றை ஆக்குதற்கு 50,000 டொலர் வழங்கிற்று. முன்னும் பின்னுமாக இரு சோடி இறக்கைகளும் 52 பரிவலுவுடைய பொறியும் கொண்ட அவ்விமானம், 1903 ஒக்டோபர் 7ஆம் நாளும் டிசெம்பர் 8ஆம் நாளும் படகுவீடொன்றின் மேலிருந்து ஏவப்பட்டது. இருமுறையும் அது நீரில் வீழ்ந்தது. இரண்டாம் வீழ்ச்சிக்கு ஒன்பது நாள் கழிந்தபின், டிசெம்பர் 17ஆம் நாள், றைற் சகோதரரின் விமானம் கிற்றி ஹோக் என்னுமிடத்தருகே நான்குமுறை பறந்தது; இறுதிமுறை 59 விநாடியில் 852 அடி சென்றது. லாங்லி 1906இல் காலமானார்.

றைற் சகோதரர் தம் ஆக்கவுரிமை பற்றிக் கிளென் கேர்ட்டிஸ் என்பார்மீது தொடுத்த வழக்கில், 1914 சனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் சார்பில் தீர்ப்பளித்தது. அவர்களுக்கு முன்னரே பறக்கவல்ல விமானம் இருந்ததெனக் காட்டினால் அவ்வுரிமையின் எல்லை சுருங்கும். இந்நிலையில் லாங்லியின் விமானத்தைச் சோதிக்கும் பொறுப்பு, வழக்கிற் தோற்ற கேர்ட்டிசிடமே ஒப்படைக்கப்பட்டது! ஸ்மித்சோனியன் நிறுவனம் அதற்கென 2,000 டொலரும் அளித்தது.

1914 மே 28ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்துக் கியூக்கா ஏரியில் அவ்விமானம் ஏறத்தாழ 150 அடி தூரம் நீரைவிட்டு மேலெழுந்தது. எனினும் எழுந்தது லாங்லியின் விமானந்தானா? இறக்கைகளின் வளைவும் முன்விளிம்பும் மாற்றப்பட்டிருந்தன. சுழலிகளின் வடிவம் திருத்தப்பட்டிருந்தது. ஓட்டுமுறையும் வேறாயிற்று. இறக்கைகளைப் பிணிக்கும் கம்பிகளைத் தாங்கிய கால்கள், காற்றின் அமுக்கம் தாக்கும் இடத்துக்கு நேராகப் பின்னோக்கி நகர்த்தப்பட்டிருந்தன. இவற்றுள் இறுதி மாற்றமே தலையாயது. 1903இல் ஏவுகருவியிற் சிக்கியே விமானம் வீழ்ந்ததென நிறுவனத்தார் கூறினர். இறக்கைகள் வலுவின்றி முறுக்குண்டமையே காரணமென றைற் தரப்பினர் கூறினர். அவ்வலுவீனத்தை நீக்கியபின் நடத்திய சோதனை இவ்வினாவுக்கு விடையாதல் யாங்ஙனம்? பின்னர் நிகழ்ந்த பறப்புகளிற் பொறியும் மாற்றப்பட்டு, கேர்ட்டிசின் 80 பரிவலுப் பொறி பூட்டப்பட்டது.

மிதவைகளின் சுமையைத் தாங்கியும் விமானம் எழுந்ததன்றோ என்று நிறுவனத்தார் வாதித்தனர். சுமை மிகுந்தமை மெய்யே. ஆயின் குறைகள் களையப்பட்டமையும் மெய்யே. பின்னதை அவர்கள் எடுத்துரைத்திலர். மாறாக, விமானத்தைப் பழைய வடிவத்துக்கு மீட்டு 1918இல் நூதனசாலையில் வைத்து, ஆளைச் சுமந்து பறக்கவல்ல முதல் விமானம் அதுவே எனப் பெயர்ப்பலகையும் பொறித்தனர். மாற்றங்களின் சுவடு மறைந்தது. சோதனையின் பெருமை மட்டும் எஞ்சிற்று.

1921இல் கிரிபித் புரூவர் என்னும் ஆங்கிலேயர் இலண்டனில் ஆற்றிய விரிவுரையில் இம்மாற்றங்களை எடுத்துக்காட்டினார். பயன் விளையாமை கண்ட ஓவில் றைற், 1928இல் தம் விமானத்தை இலண்டன் விஞ்ஞான நூதனசாலைக்கு அனுப்பினார். ஈற்றில் 1942இல், நிறுவனத்தின் அப்போதைய செயலாளர் சார்ள்ஸ் அபொட், மாற்றங்களை நிரல்படுத்தி வெளியிட்டு முந்திய கூற்றுக்களைத் திரும்பப் பெற்றார். ஓவில் 1948 சனவரியில் மறைந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 17ஆம் நாள் அவர்தம் விமானம் வாஷிங்ரனில் நிறுவப்பட்டது.

பழைய விமானமொன்றைத் திருத்திப் பறக்கச் செய்தல் குற்றமன்று. அது தொழினுட்பத் திறனே. திருத்தியதை மறைத்து மூலத்துக்குப் புகழ் தேடுதலே குற்றம். லாங்லியின் மெய்யான பெருமைக்கு 1896ஆம் ஆண்டுப் பறப்பே போதிய சான்றாகும். அன்பர்கள் வலிந்து சூட்டிய பொய்ப்புகழோ, அம்மெய்ப்புகழையும் நெடுங்காலம் ஐயத்துக்குள்ளாக்கிற்று.