நரை முடித்த சோழனும் ஔவையின் கூந்தலும்

வழக்குரைக்க வந்த முதியவர்கள், அவையில் வீற்றிருந்த சோழனின் இளமையைக் கண்டு தயங்கினார்கள். இத்தனை இளையவனுக்கு நம் வழக்கின் நுட்பம் பிடிபடுமா என்பது அவர்களுடைய ஐயம். குறிப்பறிந்த அரசன் உள்ளே போய், நரைமுடி தரித்து, முதியவனாக வந்தமர்ந்து, அவர்கள் மகிழும்படி தீர்ப்புரைத்தான். பழமொழி நானூறு இச்செய்தியைப் பெயர் சுட்டாமல் 'சோழன்' என்று மட்டும் சொல்லிப் பதிவு செய்கிறது. மணிமேகலையிலும் இதன் குறிப்பு உண்டு. பிற்காலத்தார் அச்சோழனைக் கரிகாலன் என்றே கொண்டனர்.

தலைக்கு நிறம் மாற்றுவது பற்றிய தமிழின் பழைய கதைகளுள் ஒன்றான இது, கறுப்பை நோக்கிச் செல்லவில்லை, வெளுப்பை நோக்கிச் செல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 'டை அடிப்பதா, விட்டுவிடுவதா?' என்று நாற்பதைக் கடந்தவர்கள் கண்ணாடி முன் நின்று கேட்டுக்கொள்ளும் கேள்வியை அழகு பற்றியதாகவே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். சோழனுக்கு அது அழகு பற்றிய கேள்வி அன்று. நம் சொல்லை அவையோர் நம்புவார்களா என்பதே அவன் கேள்வி.

நரைக்கு அவ்வளவு மதிப்பு இருந்ததா என்றால், சங்கப் பாடல்கள் ஒரே குரலில் விடை சொல்லவில்லை. நரிவெரூஉத்தலையார் புறநானூற்றின் 195ஆம் பாட்டில் மீன்முள் போன்ற நரையுடைய முதியோரை அழைத்து, அவர்களது மூப்பைப் பயனற்றது என்றே சாடுகிறார். நல்லது செய்ய இயலாவிட்டாலும் கெட்டதையாவது செய்யாதிருங்கள் என்று அவர் கேட்டுக்கொள்வதைப் பார்த்தால், நரைத்த தலைகள் கெட்டது செய்வது அன்றும் வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

பிசிராந்தையார் பாட்டு (புறம் 191) அனைவரும் அறிந்தது. ஆண்டுகள் பல ஆகியும் நரை இல்லையே, எப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொல்லும் விடை அது. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத வேந்தன், அடங்கிய கொள்கையுடைய சான்றோர் நிறைந்த ஊர் என்று காரணங்களை அடுக்குகிறார். கவலையின்மையே கருங்கூந்தலுக்கு மருந்து என்று வகுப்பறையில் இப்பாட்டை நடத்தி முடித்துவிடுகிறோம். நமக்கு உறுத்துவது வேறொன்று. காரணங்களின் பட்டியலில் முதலிடம் பெறுபவள் மனைவி. வீட்டின் கவலை அவரை அணுகாமல் பார்த்துக்கொண்டவள் அவள். அந்த அம்மையாருக்கு நரைத்திருந்ததா? பாட்டில் அதைக் கேட்பார் இல்லை.

பெண்ணின் நரையைப் புறநானூறு பாடாமலில்லை. 277ஆம் பாட்டில் பூங்கணுத்திரையார் காட்டும் தாயின் கூந்தல், மீனுண்ணும் கொக்கின் தூவி போல வெளுத்தது. உவமை அவ்வளவு துல்லியம். ஆனால், அந்த வெண்கூந்தல் எதன் பொருட்டு நம் கண்ணில் படுகிறது? யானையை வீழ்த்தித் தானும் களத்தில் மடிந்த மகனின் செய்தி கேட்டு, அவனை ஈன்ற பொழுதினும் அவள் பெரிதாக மகிழ்ந்தாள் என்று சொல்வதற்காக. நரை அவளுடையது, பாட்டின் பெருமிதம் மகனுடைய வீரத்துக்கு உரியது.

அரசர்களின் நரையோ ஒரு செய்தியாகவே வந்திறங்குகிறது. பாலி மொழியில் உள்ள மகாதேவ ஜாதகத்தில், மிதிலை மன்னன் தன் தலையில் முதல் நரை தோன்றும்போது தெரிவிக்கும்படி நாவிதனைப் பணித்திருக்கிறான். நாள் வந்ததும் பொற்குறட்டால் அதைப் பிடுங்கிக் கையில் வைக்கச் சொல்லிப் பார்க்கிறான். நாவிதனுக்கு ஊர் ஒன்றை அளித்துவிட்டு, நாட்டை மகனிடம் ஒப்படைத்துத் துறவு பூணுகிறான். காளிதாசனின் இரகுவம்சத்தில் முதுமையானது நரை வடிவில் தயரதனின் செவியருகே வந்து, கைகேயிக்கு அஞ்சியது போல, இராமனுக்கு முடிசூட்டு என்று மெல்லச் சொல்கிறது. கம்பராமாயணத்தில் தயரதன் அந்த ஒற்றை நரையைக் கண்ணாடியில் காண்கிறான். இராவணன் செய்த தீமையே நரையாகி வந்ததோ எனப் பாட்டு வியக்கிறது. வான்மீகத்தில் இந்தக் கண்ணாடிக் காட்சி இல்லை.

எல்லா அரசர்களும் முதல் நரையைக் கண்டதும் காட்டுக்குப் போய்விடவில்லை என்பதற்கு நல்ல சான்று 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை. அதில் நறுமணப் பொருள்கள் பற்றிய இயல், தலைச்சாயத்தோடுதான் தொடங்குகிறது. நரைத்த தலைக்கு மாலையும் மணமும் உடையும் அணியும் பொலிவு தருவதில்லை; ஆகவே முதலில் கூந்தலைக் கவனி என்பது அவர் வாதம். செய்முறையும் தருகிறார். இரும்புப் பாத்திரத்தில் வரகரிசியைப் புளித்த காடியிலும் இரும்புத்தூளிலும் வேகவைத்து நன்றாக அரைக்க வேண்டும். காடியால் நனைத்த தலையில் அதைப் பூசி, ஈர இலைகளால் கட்டி இரண்டு யாமம் இருக்க வேண்டும். பிறகு கழுவிவிட்டு, நெல்லிக்காய் விழுதைப் பூசி மறுபடியும் இரண்டு யாமம். ஆக மொத்தம் 12 மணி நேரம்! அதன்பின் இரும்பின் வீச்சமும் புளிப்பு நாற்றமும் போக மணத்தைலம் பூசிக்கொண்டு, அரசன் அந்தப்புரம் சென்று அரசின்பம் துய்க்கலாமாம்.

இதை வெறும் கைவைத்தியம் என்று தள்ளிவிட முடியாது. நெல்லியின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேரும்போது கருமை பிறக்கிறது. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய நம் பழைய எழுத்து மையும், கலங்காரித் துணியின் கறுப்பும் இதே வினையின் விளைவுகள்தாம். ஏட்டில் எழுதிய மையைத்தான் அரசனின் தலையிலும் எழுதினார்கள் என்று சொல்லலாம்.

இன்றைய சாயத்தின் கதை சுருக்கமானது. 1863இல் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய வேதியியலார் பாரா-பீனிலீன்டையமின் என்னும் பொருளைக் கண்டறிந்தார். நிறமற்ற அப்பொருள், பெராக்சைடோடு சேர்ந்து மயிரிழைக்குள் புகுந்து அங்கேயே கறுக்கிறது. அதனால்தான் தலைகுளித்தாலும் போவதில்லை. சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருவதும் அதுவே. 1907இல் பாரிசில் ஒயிழேன் ஷூலேர் தம் சாயத்தை உருவாக்கி, 1909இல் நிறுவனம் தொடங்கினார். லோரியால் என்று உலகம் அறிந்த அந்நிறுவனத்தின் முதற்பெயரிலேயே 'தீங்கற்ற கூந்தல் சாயங்கள்' என்ற தொடர் இருந்தது. தீங்கற்றது என்று பெயரிலேயே சொல்லவேண்டி வந்தது என்றால், வாங்குவோரின் அச்சம் எத்தகையது என்று ஊகிக்கலாம்.

நிற்க. 2011இல் 'மங்காத்தா' வெளிவந்தபோது அஜித்தின் நரையோடிய தலை ஒரு புதுப்பாணியாகக் கொண்டாடப்பட்டது. 'சால்ட் அண்ட் பெப்பர்' என்று அதற்கு ஒரு பெயரும் ஊரெங்கும் வழங்கலாயிற்று. அதே சலுகை கதாநாயகியருக்கு நீளவில்லை. கல்லூரி ஆசிரியர் அறையிலும் நாம் காண்பது இதுதான். ஆண் ஒருவர் சாயத்தை நிறுத்தினால், "சார், இப்போதுதான் பேராசிரியர் மாதிரி இருக்கிறீர்கள்" என்பார்கள். பெண் ஒருவர் நிறுத்தினால், "என்ன மேடம், உடம்புக்கு முடியவில்லையா?" என்று தணிந்த குரலில் கேட்பார்கள். சோழன் நரையை வேண்டித் தரித்து மதிப்புப் பெற்றான். இவர் தமக்கு இயல்பாக வந்த நரைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். சாயமே வேண்டாம் என்று அறிவுரை கூறுவோர் இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. 12 மணி நேரம் இலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அரசனைப் பழிக்காத நாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம் சாயம் பூசிக்கொள்ளும் பெண்ணைப் போலி என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெண்ணுக்கு நரை மதிப்பைத் தந்த இடம் ஒன்று நம் மரபில் உண்டு. அது ஔவை. ஔவையர் பலர் என்பது ஆய்வாளர் முடிபு. அவர்களுள் சங்க ஔவை மூதாட்டி அல்லர். புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகையரசன் அவரை விளிப்பது, மை தீட்டிய கண்ணும் ஒளிபொருந்திய நெற்றியும் உடைய விறலி என்றுதான். அதியமானின் அவையில் இருந்தவரும் தொண்டைமானிடம் தூது சென்றவரும் அவரே. பின்வந்த கதைமரபு அவரை அப்படியே விடவில்லை. மணம் பேச வந்தபோது பிள்ளையாரை வேண்டி இளமையைத் துறந்து கிழவியானார் என்று கதை கட்டிற்று. வேந்தரிடையே அஞ்சாது பேசவும், ஊர் ஊராகத் தனியே நடக்கவும் ஒரு பெண்ணுக்கு நரை வேண்டியிருந்தது போலும்! 1953இல் ஜெமினியின் 'ஔவையார்' படத்தில் நடித்தபோது கே. பி. சுந்தராம்பாள் நாற்பதுகளின் நடுவில் இருந்தார். அவருக்கு நரை பூட்டித்தான் திரையில் நிறுத்தினார்கள். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் எழுப்பப்பட்ட சிலையிலும் ஔவை மூதாட்டியாகவே நிற்கிறார். அதியமானின் அவையில் பாடிய மையுண்ட கண்ணுடைய விறலியை, அந்தப் பக்கம் நடப்பவர் யாருக்கும் நினைவு வருவதில்லை.