பொழுதுபோக்காளர்களுக்குத் திறந்த மடல்

மென்பொருளைக் காசு கொடுக்காமல் படியெடுப்பது திருட்டே என்று வாதிட்டு, மைக்ரோசாஃப்ட் நிறுவனர்களுள் ஒருவரான பில் கேட்ஸ் 1976 பிப்ரவரி 3 தேதியிட்டு எழுதிய பகிரங்கக் கடிதம். ஆல்டேர் 8800 கணினிக்கென கேட்ஸ், பால் ஆலன், மான்ட்டி டேவிடாஃப் மூவரும் உருவாக்கிய பேசிக் மொழிப் பதிப்பு, துளையிட்ட காகித நாடாவில் விற்பனையானது. 1975-இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் நடந்த செயல்விளக்கத்தில் ஒரு நாடா கைமாறி, ஹோம்ப்ரூ கணினிக் கழகத்தாரிடையே படிகளாகப் பெருகியது. ஆல்டேர் வைத்திருப்போரில் பத்தில் ஒருவருக்கும் குறைவானோரே பேசிக்கை வாங்கியதாகவும், செலவான கணினி நேரத்தின் மதிப்பு 40,000 டாலரைத் தாண்டியதாகவும், தம் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் கேட்ஸ் கணக்குக் காட்டினார். தொனி கடுமையானது, பதில்களும் அவ்வாறே. படியெடுப்பதைவிட வாங்குவதே எளிது என்னுமளவுக்கு விலை குறைந்தால் சிக்கல் தீரும் என்றார் இதழாசிரியர் ஜிம் வாரன். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலுக்கான வரையறை 1980-இல்தான் சேர்க்கப்பட்டது.