ஜினகாஞ்சியின் சங்கீத மண்டபம்

காஞ்சி மாநகரை அடுத்து வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றத்தை நம் முன்னோர் ஜினகாஞ்சி என்றே போற்றினர். அங்குள்ள திரைலோக்கியநாதர் ஆலயத்திற்குச் செல்வோர் வர்த்தமானரை வணங்கக் கருவறை நோக்கி விரைவர். வழியிலுள்ள சங்கீத மண்டபத்தின் விதானத்தை அண்ணாந்து நோக்குவோர் சிலரே. கலைகளுக்கு அரசு பொருள் வழங்குதல் வேண்டுமா என்னும் வினா இந்நாளில் அடிக்கடி எழுகிறது. அதற்குப் பழைய விடையொன்று அம்மண்டபத்தில் உண்டு.

அரசுக்கொடை இத்தலத்திற்குப் புதிதன்று. பல்லவ மன்னன் சிங்கவர்மன் பருத்திக்குன்றத்து வச்சிரநந்தி முனிவருக்கு ஊரொன்றைப் பள்ளிச்சந்தமாக அளித்ததைப் பள்ளன்கோயில் செப்பேடு கூறும். மண்டபத்தை எடுப்பித்தவரோ விசயநகரப் பேரரசின் அமைச்சரும் தண்டநாயகருமான இருகப்பர். அவர் நம் சமயத்தவர். 'நானார்த்த ரத்னமாலா' என்னும் வடமொழி நிகண்டு இயற்றிய புலவர். தலைநகரிலும் குந்துநாதருக்கு ஆலயம் கண்டவர்.

1382இல் அவர் மகேந்திரமங்கலம் என்னும் ஊரை ஆலய வழிபாட்டிற்கு வழங்கினார். தம் குரு புட்பசேனரின் சொற்படி மண்டபம் எழுப்பியது 1387-88இல். முதலில் நிலையான வருவாய், பின்னரே கட்டடம். இவ்வரிசை என்னைப் பலகாலும் சிந்திக்க வைத்ததுண்டு. இன்றோ திறப்பு விழாவிற்கென்றே அரங்குகள் எழுகின்றன. மறு ஆண்டே விளக்கெரிக்கவும் வழியிருப்பதில்லை! ஊரைக் கொடுத்தல் என்பது அவ்வூரார் அரசிற்கு இறுக்கும் வரியை ஆலயத்திற்குத் திருப்பிவிடுதலே. ஆதலால் கொடையில் அமைச்சர் பெயர் நிற்பினும் அதன் பின்னே உழவரின் வியர்வையும் உண்டு.

விதானத்து ஓவியங்கள் பிற்காலத்தவை. ரிஷபதேவர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வரலாறுகள் நிரல்நிரலாகத் தீட்டப்பெற்று, அடியில் தமிழில் விளக்கமும் எழுதப்பெற்றுள்ளன. கற்றறிந்தோர்க்கு மட்டுமன்றி, வந்து நிற்கும் எளியோர்க்கும் கதை விளங்கவேண்டும் என்று எண்ணிய கை அது. மண்டபம் எடுத்தவர் பெயரைக் கல் சொல்கிறது. தீட்டியவரை நாம் பெயர் சொல்லி நினைக்க இயலவில்லை.

1934இல் சென்னை அரசு அருங்காட்சியகம் டி.என். இராமச்சந்திரன் இவ்வாலயத்தைப் பற்றி எழுதிய ஆய்வுநூலை வெளியிட்டது. அரசுப் பணத்தில் அச்சேறிய அந்நூல் அவ்வோவியங்களைக் காட்சி காட்சியாக விவரித்து வைத்தது. அதன்பின் வண்ணம் பல இடங்களில் மங்கியும் உதிர்ந்தும் போயிற்று. சென்ற ஆண்டு என் பெயர்த்தியை அங்கு அழைத்துச் சென்றேன். விளக்க வரியொன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நின்று, "மீதி எங்கே தாத்தா?" என்றாள். அவ்விடத்தில் வெறும் சுதைதான் இருந்தது.