வலைக்குள் ஒரு மரம்

ஓர் ஊருக்குச் செல்ல வழி ஒன்றே இருந்தால், வெள்ளத்தில் அது உடைந்த அன்று ஊர் தனித்துப்போகும். ஆதலால், வழிகள் பல இருப்பது நன்மை என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், கணிப்பொறிகளை இணைக்கும் வலையில் இரண்டாம் வழியே பெருங்கேடாய் முடிந்த காலம் ஒன்று உண்டு. அக்கேடு நீங்கிய வரலாற்றை இன்று காண்போம்.

1973-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் என்னும் முறையை வகுத்தார். டேவிட் பாக்ஸ் அவருக்குத் துணைநின்றார். ஒரே கம்பியில் பல கணிப்பொறிகள் உரையாடும் முறை அது. கம்பியின் நீளத்திற்கு வரம்பு உண்டு. எனவே, கம்பிக்கும் கம்பிக்கும் இடையே 'பாலம்' என்னும் கருவியை அமைத்தனர். எந்தக் கணிப்பொறி எத்திசையில் உள்ளது என்பதைப் பாலம் தானே அறிந்துகொள்ளும். அறியாதவிடத்து எல்லாத் திசைகளிலும் செய்தியை அனுப்பும்.

தொல்லை இங்கேதான் தோன்றியது. பாலங்கள் வட்டமாக இணைந்துவிட்டால், அனுப்பிய செய்தி புறப்பட்ட இடத்திற்கே திரும்பும், மீண்டும் புறப்படும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு இல்லை. சுற்றிச் சுற்றிப் பெருகி, வலை முழுவதையும் அது அடைத்துவிடும்.

இதற்குத் தீர்வு கண்டவர் ராடியா பெர்ல்மன் என்னும் அம்மையார். டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1985-இல் தம் முறையை வெளியிட்டார். பாலங்கள் தமக்குள் செய்தி பரிமாறி, மிகச் சிறிய எண்ணுடைய பாலத்தை 'வேர்' எனத் தேர்கின்றன. வேருக்குச் செல்லும் குறுகிய வழியை ஒவ்வொன்றும் வைத்துக்கொள்கிறது. எஞ்சிய வழிகள் அடைக்கப்படுகின்றன. வட்டம் மறைந்து மரம் பிறக்கிறது. கிளை ஒன்று முறிந்தால், அடைத்த வழி திறந்துகொள்கிறது. 1990-இல் இம்முறை பொதுத் தரமாயிற்று.

ஆயினும், மரத்திற்கும் குறை உண்டு. கல்லூரி ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூலகமும் ஆய்வுக்கூடமும் அருகருகே உள்ளன; இரண்டிற்கும் இடையே நேர்க்கம்பியும் உண்டு. இரண்டிலிருந்தும் தொலைவிலுள்ள பண்டக அறைக்கும் கம்பிகள் செல்கின்றன. அங்கே கிடக்கும் பழைய கருவி வேராகிவிட்டால், நேர்க்கம்பி அடைபடும். பக்கத்து அறைக்குச் செல்லும் செய்தியும் பண்டக அறையைச் சுற்றியே செல்லும். பழைய கருவி வேராவது ஏன்? எவரும் முன்னுரிமை வகுக்காதபோது கருவியின் பிறப்பு எண்ணே முடிவு செய்கிறது; பழைய கருவிகளின் எண் பெரும்பாலும் சிறியது. வேகம் குறைந்ததென்று புதுக் கம்பிகள் வாங்குவதால் இது தீராது. வேர் எது, அடைபட்ட வழி எது என்று முதலில் வரைந்து பார்க்க வேண்டும். பின்னர், வலிய நடுக்கருவிக்குச் சிறிய முன்னுரிமை எண்ணை அளித்தல் வேண்டும்.

இதனைப் புறக்கணித்தால் விளைவு சிறிதன்று. 2002 நவம்பரில், பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலையமைப்பு நிலைகுலைந்தது. பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக இணைத்து வளர்க்கப்பட்ட அவ்வலை, ஏழு பாலங்களுக்கு மேல் நீளலாகாது என்ற வரம்பைக் கடந்திருந்தது. சில நாட்கள் மருத்துவரும் செவிலியரும் காகிதத்தில் எழுதியே நோயாளரைக் காத்தனர்.

வரலாறு அத்துடன் நிற்கவில்லை. முறிவிலிருந்து விரைந்து மீளும் முறை 2001-இல் தரமாகியிருந்தது. எல்லா வழிகளையும் பயன்படுத்திக் குறுகிய பாதையில் செல்லும் முறைகள் 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அவற்றுள் முன்னதை வகுத்தவர்களுள்ளும் பெர்ல்மன் இருந்தார். தாம் நட்ட மரத்தின் குறையைத் தாமே உணர்ந்து, அதனினும் நல்லதைத் தேடியவர் அவர். மாணவர்களே, வழிகள் பலவாக இருப்பது மட்டும் போதாது. எது எங்கே செல்கிறது என்று அறிந்தவர் ஒருவரேனும் அங்கே இருத்தல் வேண்டும்.