தாமஸ் மெர்ட்டனும் அமெரிக்கப் பழங்குடி ஆன்மிகமும்

தாமஸ் மெர்ட்டன் (1915–1968) அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள கெத்செமனி மடத்தில் 1941 முதல் வாழ்ந்த டிராப்பிஸ்ட் துறவி. பழங்குடி மக்களின் சமயத்தை மூடநம்பிக்கை என ஒதுக்காமல், ஆழமான ஆன்மிக வாழ்வாகவே அவர் மதித்தார். குரோ இன வீரர் டூ லெகிங்ஸின் தன்வரலாறு குறித்த கட்டுரையில், தனிமையில் நோன்பிருந்து தரிசனம் தேடும் வழக்கத்தைக் கவனத்துடன் விளக்கினார். பாலைவனத் துறவியரின் மரபைப் போற்றிய அவருக்கு அது அந்நியமாகத் தோன்றாதது இயல்பே. கலிபோர்னியாவின் யாஹி இனத்தில் எஞ்சிய கடைசி மனிதரான இஷியைப் பற்றி எழுதுகையில், அம்மக்களை அழித்த வன்முறையை வியட்நாம் போருடன் சேர்த்துப் பார்த்தார்; அவருடைய பழங்குடிக் கட்டுரைகளில் மனத்தை மிகவும் உலுக்குவது இதுவே. மெக்சிகோவின் மோன்தே அல்பான் நகரைப் பற்றியும் எழுதியுள்ளார். இவை அவர் மறைவுக்குப் பின், 1976இல் தொகுப்பாக வெளிவந்தன.