மரங்களைக் காத்த சட்டங்கள்



மரத்தை வெட்டாதே எனச் சட்டமியற்றுவது இக்கால அரசுகள் கண்டெடுத்த புதுமையன்று. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு (கி.பி. 630) மக்கா வெற்றியின்போது, அப்புனித எல்லைக்குள் மரத்தையோ முட்செடியையோ பசும்புல்லையோ வெட்டலாகாது என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். அவ்வேளையில் அப்பாஸ் (ரலி) அவர்கள், ‘இத்கிர்’ என்னும் புல்லுக்கு மட்டும் விலக்களிக்குமாறு வேண்டினார்கள். கொல்லரின் உலைக்கும் வீட்டுக் கூரைக்கும் அப்புல் தேவைப்பட்டது. விலக்கு உடனே வழங்கப்பட்டது. மதீனாவின் எல்லைக்குள்ளும் மரம் வெட்டத் தடை விதிக்கப்பட்டது. ஒட்டகத்திற்குத் தழை ஒடிக்க மட்டும் இசைவு தரப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் ‘ஹிமா’ எனப்படும் காப்பு மேய்ச்சல் நிலங்கள் விரிவடைந்தன. அதன் காவலர் ஹுனை என்பவரிடம், சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடைய ஏழையை உள்ளே விடுமாறும், செல்வர்களான இப்னு அவ்ஃப், இப்னு அஃப்ஃபான் (ரலி) ஆகியோரின் மந்தைகளைத் தடுக்குமாறும் பணித்தார்கள். செல்வரின் கால்நடை மடிந்தால் அவருக்குத் தோட்டமும் வயலும் உண்டு. ஏழையின் கால்நடை மடிந்தால் அவர் பிள்ளைகளோடு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பார் என்பதே அவர்கள் கூறிய காரணம். காப்பின் சுமை வலியவர் மீது. அதன் பயன் எளியவருக்கு. இதுவே அச்சட்டங்களின் உயிர்.

இந்த அளவுகோலைக் கொண்டு நம் காரைக்காலை நோக்குங்கள். அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1991 பிப்ரவரியில் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை இம்மரங்களை மிகு பாதுகாப்புக்குரியவற்றுள் சேர்த்தது. 1000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்திக் காட்டின் ஓரமாக 50 மீட்டர் இடமும் காப்புக்குரியது என்பதை 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையும் வலியுறுத்துகிறது. இது நடுவண் அரசின் விதி. காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்திற்கும் பொது.

இதன் அருமையை 2004 டிசம்பர் 26 உணர்த்தியது. அன்று ஆழிப்பேரலை நம் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுசென்றது. அண்டையிலுள்ள கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்த அறிஞர்கள், அடர்ந்த மரங்களுக்குப் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என 2005இல் எழுதினர். கரையோர மரம் வீழ்ந்தால் முதலில் அடிபடுவது மீனவரின் குடிசையே.

பனையின் நிலை வேறு. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டுமெனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. நாகூரைக் கடந்து வாஞ்சூருக்குள் வந்தால் அவ்விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. நாம் புதுச்சேரி ஆட்சிப் பகுதியினர். அதனால் பனையின் பயன் நமக்குக் குறைந்துவிடுமா?

அன்பர்களே! சட்டம் உள்ள இடத்தில் அதனை அறிந்து, மீறுவோரைத் தட்டிக் கேளுங்கள். சட்டம் எட்டாத இடத்தில் ஜமாஅத்தே முடிவெடுக்கட்டும்: பள்ளிவாசல் நிலத்திலோ வரப்பிலோ குளக்கரையிலோ நிற்கும் மரத்தைக் கலந்து பேசாமல் எவரும் வெட்டுவதில்லை என்று. அம்முடிவு ஓலையும் சுள்ளியும் பொறுக்க வரும் ஏழைப் பெண்ணைத் தடுக்காதிருக்கட்டும். மரத்தையே விலைபேச வருபவரைத் தடுக்கட்டும்.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.